கொம்பில் தளிர்க்கும் தேயிலை

கே ஓநீல் எழுதி வரைந்த ‘தி டீ டிராகன் சொசைட்டி’, இணையத்தில் தொடராக வந்து, 2017-இல் ஓனி பிரஸ் வெளியீடாக அச்சேறிய சித்திரக்கதை. அடுத்த ஆண்டே, சித்திரக்கதைகளுக்கு வழங்கப்படும் ஐஸ்னர் விருதும் பெற்றது. தாயிடம் கொல்லுத் தொழில் பழகும் கிரெட்டா, சந்தையில் வழிதவறித் திரிந்த ஒரு குட்டி டிராகனை உரியவரான ஹெஸகீலிடம் சேர்க்கிறாள். டிராகன்களைப் பேணி, அவற்றின் கொம்பில் தளிர்க்கும் இலையைப் பறித்துத் தேநீராக்கும், அருகிவரும் கலையை அவரிடமும் அவருடைய இணையரான எரிக்கிடமும் அறிந்துகொள்கிறாள். கதை ஏறக்குறைய இவ்வளவே.

நூலின் உயிர் அந்த இலையில் இருக்கிறது. டிராகனும் அதை வளர்ப்பவரும் சேர்ந்து வாழ்ந்த நாள்களின் நினைவு அதில் தேங்குகிறது. தேநீரைப் பருகுபவர் அந்நாள்களைக் கண்முன் காண்கிறார். ஆகவே நீவிவிடாமலும் ஊட்டாமலும் பொறுத்திருக்காமலும் இருந்தவருக்கு நினைவும் இல்லை, தேநீரும் இல்லை. தன் பழைய நினைவுகளை இழந்த மினெட் என்னும் சிறுமியை இக்கதைக்குள் வைத்ததுதான் ஓநீலின் நுட்பம். இழந்ததைத் தேடித்தரும் மருந்தாக அவர் தேநீரைக் காட்டவில்லை.

நான்கு பருவங்களாகப் பகுத்த கதையில் வண்ணங்களே காலத்தை நகர்த்துகின்றன, உரையாடல் குறைவு. (வெயிலையும் கடும் வெயிலையும் மட்டுமே அறிந்த வேலூர்க்காரருக்கு அந்த இலையுதிர்காலம் சற்றுப் பொறாமையைத் தரும்.)

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. மெதுவாகச் செய்யும் வேலையின் அழகை இத்தனை பரிவோடு சொல்லும் நூல், அந்த வேலை எவருடைய அடுப்பை எரிக்கிறது என்று கேட்பதேயில்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கரிகிரியில் சக்கரம் சுற்றும் குயவரிடமோ குடியாத்தத்தில் கைத்தறியில் கைலி நெய்பவரிடமோ இந்தக் கதையைச் சொன்னால், இலையைப் பறித்து விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். டிராகன் இலைத் தேநீர் விற்பனைக்கு ஏற்றதன்று என்று ஒதுங்கிவிடலாம். ஆனால் கிரெட்டாவின் வீட்டுப் பட்டறைக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் இரும்பை அடிக்கும் பக்கங்கள், டிராகனைக் குளிப்பாட்டும் பக்கங்களைவிட மெலிந்தே இருக்கின்றன.

பின்னிணைப்பாக வரும் டிராகன் வளர்ப்புக் கையேட்டைப் பிள்ளைகள் கதையைவிட அதிகமாக விரும்பக்கூடும். ஆங்கிலம் எளிமையானது, ஆறாம் வகுப்பு மாணவர் துணையின்றியே படித்துவிடலாம்.