டயலொக் பெட்டியில் சொந்த எழுத்துரு: எந்த வழி தாங்கும்?

கொழும்பில் செய்யும் செயலிக்கு மூன்று மொழி கட்டாயம். திரையெல்லாம் தெரிந்தெடுத்த எழுத்துருவில் மின்ன, "கட்டணத்தை உறுதிப்படுத்தவா?" என்று கேட்கும் பெட்டி மட்டும் சிஸ்டம் எழுத்திலேயே நிற்கும். அண்ட்ரொயிட்டில் அலேர்ட் டயலொக் எனப்படும் இந்தப் பெட்டிக்குத் தனித் தீம் (தோற்ற விதிகளின் தொகுப்பு) இருப்பதால், திரையில் எழுத்தைக் காட்டும் கூறுகளான டெக்ஸ்ட்வியூக்களுக்குக் கொடுத்த எழுத்துரு அங்கே எட்டாது.

பலரும் முதலில் பிடிக்கும் வழி, பெட்டியைக் காட்டியபின் செய்தியின் டெக்ஸ்ட்வியூவைத் தேடி, எழுத்துருவை மாற்றும் செட்டைப்ஃபேஸ் கட்டளையைக் கொடுப்பது. நாலு வரியில் முடியும். ஆனால் பெட்டியைக் காட்டும் ஷோ கட்டளைக்கு முன் தேடினால் 'நல்' (null, ஒன்றுமில்லை என்ற விடை) வந்து செயலி விழும். தலைப்பு, பொத்தான்களுக்குத் தனித்தனியாக எழுதவேண்டும். இருபது பெட்டி உள்ள செயலியில் ஒன்றாவது விடுபடும்.

செய்தியின் எழுத்துகளோடேயே எழுத்துருவையும் குறித்து அனுப்பும் ஸ்பான் வழி ஒரேயொரு பெட்டிக்குப் போதும். டைப்ஃபேஸை (ஏற்றிய எழுத்துருவை) நேரே வாங்கும் டைப்ஃபேஸ்ஸ்பான் அண்ட்ரொயிட் 9 முதல்தான். பழைய கைபேசிகளுக்கு ஸ்பான் வகுப்பை நீங்களே எழுதவேண்டும்.

முழுப் பெட்டியையும் சொந்த லேஅவுட்டில் (திரை அமைப்பில்) வரைந்தால் எல்லாம் உங்கள் கையில். இழப்பது, பொத்தான்கள் இடம் போதாதபோது தாமே ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்படும் வசதி. "உறுதிப்படுத்துக", "இரத்துச் செய்க" பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சின்னத் திரையில் அந்த வசதியின் அருமை தெரியும்.

எங்கள் தெரிவு, பெட்டிகளின் தீமிலேயே எழுத்துருவைக் குறிக்கும் தீம் வழி. எழுத்துருக் கோப்பை ரெஸ் ஃபொன்ட் (res/font) அடைவில் போடுங்கள். பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும். ரெகுலரோடு போல்டும் சேர்த்து ஒரே குடும்பக் கோப்பில் குறியுங்கள். போல்ட் இல்லையென்றால் சிஸ்டம் போலியாகத் தடிப்பாக்கும், சுழிகள் அடைபடும். பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான அலேர்ட்டயலொக்தீமில் அந்தக் குடும்பத்தைக் காட்டுங்கள். பொத்தான் மட்டும் மாறவில்லையா? அதன் ஸ்டைல் தனியாக ஓர் எழுத்துருவைக் குறித்திருக்கும், தீமை விட அதற்கே முன்னுரிமை. பொத்தான் ஸ்டைலையும் மேலெழுதுங்கள். தமிழ் எழுத்துருவில் சிங்கள வடிவங்கள் இராது, சிஸ்டம் எழுத்து கலந்து வரும். ஆகவே மொழிக்கொரு வேல்யூஸ் (values) அடைவில் ஸ்டைலைப் பிரித்து வையுங்கள். எழுத்துப் பகுதியின் உயரத்தை டீபீ (dp) என்ற திரை அளவில் பூட்டினால் மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் வெட்டுப்படும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் அமைந்ததல்ல, ஆகவே எழுத்துரு ஒரு பெட்டியில் ஏறாவிட்டால் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பார்வையற்றோருக்குத் திரையை வாசிக்கும் டோக்பேக்கும் அதைத்தான் வாசிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் யூனிகோட், திறந்த உரிமம்.

ஐபோனில் இதே வேலையைச் செய்யும் யூஐஅலேர்ட்கொன்ட்ரோலருக்கு எழுத்துரு மாற்றும் பகிரங்க வழியே இல்லை. உள்பெயரை ஊகித்துச் செய்யும் தந்திரம் அடுத்த ஐஓஎஸ் பதிப்பிலேயே உடையலாம். அங்கே சொந்தப் பெட்டி வரைவதுதான் வழி. எழுத்துருவை அழைக்கும்போது கோப்பின் பெயரையல்ல, எழுத்துருவுக்குள்ளே பதிந்துள்ள போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரைக் கொடுங்கள்.