மாட்ஸ்-சி குப்பி வாங்குகிறவர்களே, சான்றிதழின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்

சர்க்கரை இறங்கும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்று சொல்லி, மாட்ஸ்-சி என்ற மைட்டோகாண்ட்ரியா பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதச் சங்கிலி) டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறார்கள். அப்படி விற்கப்பட்ட ஒரு 10 மி.கி. குப்பியின் ஆய்வகச் சான்றிதழ் பார்வைக்கு வந்தது. முதல் பக்கம் கச்சிதம்: பெயர், பேட்ச் எண், எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் சோதனை) தூய்மை 99 சதவீதத்துக்கு மேல். இரண்டாம் பக்கத்தில் மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக் வரைபடம். அதன் உயரமான முகடு 710-ஐ ஒட்டி நிற்கிறது. மாட்ஸ்-சிக்கு அந்த இடத்தில் முகடு வர வழியே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் போதும். மாட்ஸ்-சியில் 16 அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை 2174.6. கருவி மூலக்கூறில் புரோட்டான்களை ஏற்றி, மொத்த எடையை அவற்றின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டும்: இரண்டு புரோட்டான் ஏறினால் 1088.3, மூன்று ஏறினால் 725.9, நான்கு ஏறினால் 544.7. இந்த எண்களில் குறைந்தது இரண்டு வரைபடத்தில் தெரிய வேண்டும். 710 என்பது 1419.5 எடையுள்ள பிபிசி-157-க்கு, இரண்டு புரோட்டான் ஏறிய நிலையில் வருவது. அது காயம் ஆற்றும் என்று விற்கப்படும் வேறொரு பெப்டைடு. ஏதோ பழைய சான்றிதழில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் “கருவிக்குக் கருவி மாறும் சார்” என்று பதில். கருவி மாறினால் தசமத்தில் மாறும், 15 மாறாது.

சான்றிதழ் உண்மையாகவே இருந்தாலும் எடையில் இன்னொரு ஏமாற்று உண்டு. தூய்மை 99 சதவீதம் என்றால் குப்பியில் 9.9 மி.கி. பெப்டைடு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் மற்ற பெப்டைடு கலப்படங்களோடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே. உப்பும் ஈரமும் அதில் சேராது. இந்த மூலக்கூறில் மூன்று ஆர்ஜினின், ஒரு லைசின், ஒரு முனை அமீன் என்று ஐந்து காரக் குழுக்கள். ஒவ்வொன்றிலும், தயாரிப்பிலிருந்து உப்பாகத் தங்கிவிடும் ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் (எடை 114) ஒட்டியிருந்தால் 5 × 114 = 570. மொத்த எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் அதற்கே போய்விடும். எனவே 10 மி.கி. தூளை நிறுத்துப் போட்டிருந்தால் பெப்டைடு 8 மி.கி.க்கும் குறைவு. உப்பும் ஈரமும் போக மிஞ்சும் ‘நெட் பெப்டைடு’ எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும். குப்பிக்குள் வெள்ளைக் கட்டி பெரிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், மானிட்டால் என்ற நிரப்புப் பொருள் சேர்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியும்.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இரண்டு இருப்பதால் மாட்ஸ்-சி ஆக்சிஜனேற்றம் அடையும். ஒன்று கெட்டால் எடை 16 கூடி 2190.6 ஆகும், வரைபடத்தில் 1096.3-இல் முகடு வரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கிருமி நீக்கம், எண்டோடாக்சின் (பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சு) இரண்டுக்கும் தனிச் சோதனைகள் வேண்டும். எச்பிஎல்சி அறிக்கை அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. இந்தச் சான்றிதழில் அந்த இரண்டும் இல்லவே இல்லை, ஆனால் பொருளோ ஊசிக்கு.

கூடவே ஓர் அளவு அட்டை வந்திருக்கிறது, “10 யூனிட் போடவும்” என்று. எந்த சிரிஞ்சில் என்று இல்லை. இங்கே மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்சுகள் யு-40 (ஒரு மி.லி.க்கு 40 யூனிட்), யு-100 (ஒரு மி.லி.க்கு 100 யூனிட்) என இரண்டும் கிடைக்கும். யு-100-இல் 10 யூனிட் என்பது 0.1 மி.லி., யு-40-இல் அதே 10 கோடு 0.25 மி.லி. இரண்டரை மடங்கு! உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத திரவம் இது.

இதைவிட மோசம், “பத்து நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாம்” என்று, சர்க்கரை நோய் மாத்திரையைப் பற்றி விற்பவர்கள் அனுப்பிய குரல்பதிவு. ஆதாரமாகக் காட்டுவது குளுக்கோமீட்டர் படம்: முன்பு 140, பின்பு 122. தரநிலைப்படியே அந்தக் கருவிக்கு 15 சதவீதம் வரை பிழை அனுமதி உண்டு. உண்மை 140 என்றால் 119 முதல் 161 வரை எதுவும் காட்டலாம். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது சுமார் மூன்று மாத சர்க்கரைச் சராசரி, பத்து நாளில் அது எதையும் முடிவாகச் சொல்லாது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியவர்கள் உடனே அவரிடம் போங்கள்.

மாட்ஸ்-சி பற்றிய ஆராய்ச்சி பொய்யல்ல. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாங்ஹான் லீ, பின்காஸ் கோஹன் குழு 2015-இல் வெளியிட்டது. கொழுப்பு உணவு கொடுத்த எலிகளில் எடையும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தன. மனிதரில் கோபார் நிறுவனம் சோதித்தது சிபி4211 என்ற மாற்று வடிவத்தை. ஊசி போட்ட இடத்தில் வந்த எதிர்வினையால் அந்தச் சோதனை 2018-இல் இடையில் நிறுத்தப்பட்டு, பிறகுதான் தொடர்ந்தது. எந்த நாட்டிலும் இது அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல. போட்டிகளில் ஓடுகிற பிள்ளைகள் கவனிக்க: ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இதன் பெயர் இருக்கிறது.

பணம் யுபிஐ வழியாகத் தனிநபர் கணக்குக்குப் போயிருந்தால் காலம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. குப்பியின் லேபிளில் “ஆய்வுக்கு மட்டும்” என்று அச்சிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதனால் அளவு அட்டை, குரல்பதிவு, உரையாடல் எல்லாவற்றையும் அவர்கள் அழிப்பதற்குள் சேமியுங்கள். திறக்காத குப்பியை ஃப்ரீசரிலேயே வையுங்கள், கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சோதனைக்கு அனுப்ப அதுதான் வேண்டும்.