ஃபைபர் படகுக்குப் பெயின்ட் உரிக்கக் கொடுக்கிறீர்களா? டப்பாவைப் பாருங்கள்

என் பழைய ஃபைபர் படகின் அடிப்பாகத்தில், ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயின்ட் செதில்செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. "பத்தே நாளில் புதுப் படகாக்கிவிடுகிறேன் சார்" என்றார் பட்டறைக்காரர். நான்காம் நாள் எட்டிப் பார்த்தேன். பெயின்ட் மொத்தமும் போயிருந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று வியந்தேனே தவிர, சந்தேகப்படவில்லை.

சுவரோரம் கிடந்த காலி டப்பாக்கள், இரும்புக் கதவுக்குப் போடும் பெயின்ட் ரிமூவர். மெத்திலீன் குளோரைடு கலந்த ரகம். அதற்குப் பெயின்ட், ஜெல்கோட் (கண்ணாடி இழைக்கு மேலே காப்பாக இருக்கும் பிசின் பூச்சு) என்ற பேதமெல்லாம் கிடையாது, இரண்டையும் தின்னும். ஜெல்கோட்டோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். தொட்டேன், நகம் பதிந்தது. "காய்ந்தால் இறுகிவிடும் சார்." தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையைத்தான் இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

படகு திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போலிருந்தது. பில்லில் 'எபாக்சி பிரைமர், இரண்டு கை' என்று எழுதியிருந்தது. பெயின்டுக்கு அடியில் நீரைத் தடுக்கப் பூசுவது அது. முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

ஒரு பருவம் ஓட்டிக் கரையேற்றியபோது, நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள். ஒன்றை ஆணியால் குத்தினேன். பழுப்பாக நீர் கசிந்தது, வினிகர் நெடி. நீர் உள்ளே இறங்கி, கண்ணாடி இழையைப் பிணைத்திருக்கும் பிசினைக் கெடுக்கிறது என்பதற்கு அந்த நெடியே சாட்சி. உடைந்த விளிம்பில் அடுக்குகளைப் பார்த்தேன்: பெயின்ட், அதன்கீழ் காரின் நசுங்கலுக்குப் பூசும் பட்டி, அதன்கீழ் நேராகக் கண்ணாடி இழை. எபாக்சி ஒரு கைகூட இல்லை. அந்தப் பட்டியோ தண்ணீரை உறிஞ்சும். நீருக்கடியில் அதற்கு வேலையே இல்லை.

"பழைய படகு சார், முன்பே ஈரம் இருந்திருக்கும்" என்கிறார் பட்டறைக்காரர். இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் போதுமே! உரித்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டால், ஈரமிருக்கும் இடத்தில் உட்புறம் முத்துமுத்தாக வியர்க்கும்.

கொடுக்கும் முன் ரிமூவர் டப்பாவைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஃபைபருக்கு ஏற்றது என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். இருந்தாலும் உள்ளங்கை அளவு இடத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உப்புத்தாள்தான் என்றால் நனைத்துத் தேய்க்கட்டும். பாசி, சிப்பி ஒட்டாதிருக்க அடித்த பழைய பெயின்டின் தூள் நஞ்சு. பட்டிக்கு முன்னும் பிரைமருக்குப் பின்னும் நேரில் போய்ப் பாருங்கள், அதுவரை பாதிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

இப்போது வேறொருவர் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டார். படகு கட்டைமேல் காய்கிறது. இன்று காலையும் தாளைத் தூக்கிப் பார்த்தேன். உட்புறம் இன்னும் வியர்த்துத்தான் இருக்கிறது.