லேப்டாப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: "ஒரிஜினல் விண்டோஸ்" என்று 1,800 ரூபாய் வாங்கிய கடை

சென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் லேப்டாப்பைச் சர்வீசுக்குக் கொடுப்பவர்கள் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்த வித்தையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமல்ல என்பது அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது தெரிந்தது.

மகனின் ஆன்லைன் வகுப்புக்காக 2021இல் வாங்கிய லேப்டாப் அது. விண்டோஸ் 10 ஹோம் பதிப்பு கம்பெனியிலேயே ஏற்றப்பட்டு வந்தது. நான்கு ஆண்டுகளில், பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை முழுதாக வந்திருக்காது என்ற நிலையை அது எட்டியதால், 2025 மார்ச் மாதம் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் பொருத்தச் சொல்லிக் கொடுத்தேன். எஸ்எஸ்டிக்கு 2,600 ரூபாயும் கூலியாக 400 ரூபாயும் வாங்கினார்கள். அதில் எனக்குக் குறையில்லை, வேகம் கூடியது உண்மை. ஆனால் ஜிஎஸ்டி எண் இல்லாத அந்தத் துண்டுச்சீட்டில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது: "ஓஎஸ் ஒரிஜினல் – 1,800". ஓஎஸ் என்று அவர்கள் எழுதியது விண்டோஸைத்தான். கேட்டதற்கு, "பழைய டிஸ்கோட விண்டோஸும் போயிடும் சார், புது கீ போட்டாத்தான் ஓடும்" என்றார் கடைக்காரர். கீ என்றால் விண்டோஸின் உரிம எண். நம்பிப் பணத்தைக் கொடுத்தேன்.

செப்டம்பரில் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும் என்ற அறிவிப்பு திரையில் வந்து நின்றது. மூடினால் மறுநாளும் வந்தது. சில நாட்களில் திரையின் வலது கீழ் மூலையில், விண்டோசை ஆக்டிவேட் செய்ய, அதாவது அதன் உரிமத்தை உறுதிப்படுத்தச் சொல்லும் சாம்பல் நிற எழுத்துகள், எதைத் திறந்தாலும் அதன்மேல் மிதக்கத் தொடங்கின. கடைக்குக் கொண்டுபோனேன். லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டுல லைசென்ஸ் சிப் போயிருக்கும் சார், போர்டு வேலை 3,500 ஆகும்" என்றார். அந்தப் பதில்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. போர்டு பழுதான லேப்டாப்பில் மற்ற எல்லா வேலையும் எப்படி ஒழுங்காக நடக்கும்?

வீட்டுக்கு வந்து, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சிறு பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் டிஎல்வியும் சேர்த்து என்டர் தட்டினேன். சில நொடிகளில் வந்த பெட்டியில் ஹோம் என்று இருக்க வேண்டிய இடத்தில் புரொஃபஷனல் என்றும், உரிமத்தின் வகை வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்றும் இருந்தது. குட்டு அங்கே உடைந்தது. கேஎம்எஸ் என்பது நிறையக் கணினிகள் உள்ள அலுவலகங்களுக்கான உரிம ஏற்பாடு. அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வர் என்ற மையக் கணினியைத் தொடர்புகொண்டு ஒவ்வொரு கணினியும் 180 நாட்களுக்கு அனுமதி பெறும். ஏழு நாட்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க முயலும். தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தன வீட்டில் இருக்கும் என் லேப்டாப்புக்கு எந்த அலுவலகத்தின் சர்வர்? எவரோ நடத்திய போலி சர்வரோடு கடையில் ஒருமுறை இணைத்திருக்கிறார்கள், பிறகு அது பதில் தரவில்லை, மார்ச்சிலிருந்து எண்ணினால் 180 நாள் கணக்கு செப்டம்பரில் சரியாக முடிகிறது.

இதைவிட எனக்கு ஆத்திரமூட்டியது வேறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கம்பெனியிலேயே விண்டோஸ் ஏற்றி விற்கப்படும் லேப்டாப்புகளில் 25 எழுத்து கொண்ட கீயை மதர்போர்டில் உள்ள, லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சிப்பிலேயே பதித்துவிடுகிறார்கள். அதனால்தான் அடிப்பக்க ஸ்டிக்கரில் கீ அச்சிடப்படுவதில்லை; நாமும் அதைப் பார்த்துவிட்டு கீயே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். டிஸ்கை மாற்றினால் அந்தக் கீ எங்கும் போகாது. அதே ஹோம் பதிப்பை ஏற்றி இணையத்தோடு இணைத்தால் போதும், தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எல்லா லேப்டாப்புக்கும் ஒரே பென்டிரைவில் வைத்திருக்கும் புரொஃபஷனல் பதிப்பை ஏற்றியதால், என்னிடம் ஏற்கெனவே இருந்த உண்மையான உரிமம் வேலை செய்யாமல் கிடந்தது. அதற்கு நான் 1,800 ரூபாய் வேறு கொடுத்திருக்கிறேன்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்ட இடங்களின் பட்டியலையும் பார்த்தேன். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது; அதாவது அங்கே வைரஸ் இருந்தாலும் சோதனையில் தெரியாது. ஆறு மாதமாக என் மனைவி அந்த லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கைப் பார்த்துவந்தார் என்பதால், அன்றிரவே செல்போனிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம்.

புரொஃபஷனலிலிருந்து ஹோமுக்கு நேரடியாக இறங்க வழியில்லை; எல்லாவற்றையும் அழித்து மீண்டும் ஏற்றத்தான் வேண்டும். கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய விண்டோஸ் 11ஐ 8 ஜிபி பென்டிரைவ் வழியாக ஏற்றினேன். கீ எதையும் அது கேட்கவே இல்லை. ஹோம் பதிப்பைத் தானே தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டுமே.

துண்டுச்சீட்டையும், கேஎம்எஸ் பெட்டியை செல்போனில் எடுத்த படத்தையும் கடைக்காரரிடம் காட்டியபோது, "எல்லாக் கடையிலயும் இதான் சார் போடுறாங்க" என்று சொல்லிவிட்டு 1,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். மீதி 800 ரூபாயை "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். துண்டுச்சீட்டின் படத்தையும் அதோடு இணைத்திருக்கிறேன்.