இரட்டை வரிசைக் கியூபோலா: ஆறு ஆண்டு அனுபவம்

கோவையில் பம்புசெட் உதிரிகள் வார்க்கும் எங்கள் சிறிய பட்டறை, ஒற்றை வரிசை டூயர் (காற்று ஊதும் துளை) கொண்ட பழைய கியூபோலாவை, அதாவது கோக் எனும் கல்கரியை எரித்து இரும்பை உருக்கும் நெட்டை உலையை, விட்டு இரட்டை வரிசை உலைக்கு மாறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உள்விட்டம் 24 அங்குலம். காற்றூதும் புளோயர் நிமிடத்துக்குச் சுமார் 30 கன மீட்டர் காற்று தருகிறது.

பழைய உலையில், கோக் எரிந்து உண்டான கார்பன் டைஆக்சைடு மேலேறும்போது தணலாயிருக்கும் கோக்கோடு மீண்டும் வினைபுரிந்து, வெப்பத்தை விழுங்கிக் கார்பன் மோனாக்சைடாகிப் புகைபோக்கி வழியே வீணாகப் போய்விடும். ஒரு கிலோ கார்பன் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 33 மெகாஜூல் கிடைக்கும்; மோனாக்சைடோடு நின்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. கீழ் வரிசைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே இன்னொரு டூயர் வரிசை வைத்து, காற்றைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஊதினால், அந்த மோனாக்சைடு அங்கேயே எரிந்துவிடுகிறது. நூறு கிலோ இரும்புக்கு 14 கிலோ கோக் தின்ற இடத்தில் இப்போது பத்தரை கிலோ போதுமானதாக இருக்கிறது.

முதல் ஆண்டு இந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புளோயர் காற்றை டூயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் காற்றுப்பெட்டியை இரு வரிசைகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, பாதிப் பாதி போகிறது என்று நாங்களாகவே நம்பிக்கொண்டிருந்தோம். காற்றோ எதிர்ப்புக் குறைந்த வழியைத்தான் தேடும். பெட்டியைப் பிரித்து, தனித்தனி வால்வும் அளவுமானியும் பொருத்திய பிறகே கணக்கு நேரானது.

ஐப்பசி மழையில் காற்றின் ஈரமும் கோக்கோடு வினைபுரிந்து வெப்பத்தை உறிஞ்சுவதால், முதல் லேடில் (உருகிய இரும்பை ஏந்தும் வாளி) இரும்பு சூடு குறைந்து மந்தமாகவே வரும். அதற்காக ஆக்சிஜன் கலந்து பார்த்தோம். இரும்பு நன்றாகவே சூடேறியது, செலவுதான் தாங்கவில்லை. காற்றிலுள்ள 21 சதவீதத்தை 23 ஆக்க நிமிடத்துக்கு முக்கால் கன மீட்டருக்கு மேல் வேண்டும். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று ஒன்பது நிமிடத்தில் காலியாகிவிடும். ஆகவே முதல் லேடிலுக்கும், மின்தடையால் உலை நின்று மீண்டும் தொடங்கும்போதும் மட்டும் திறக்கிறோம். ஆக்சிஜன் குழாய், வால்வு எதிலும் எண்ணெய்க் கை படக்கூடாது, பட்டால் தீப்பிடிக்கும்.

மின்சாரம் போனதும் டூயர் மூடிகளைத் திறந்துவிடுவது அதைவிட முக்கியம். இல்லையேல் மோனாக்சைடு காற்றுப்பெட்டிக்குள் இறங்கித் தங்கி, புளோயரை மறுபடி போடும்போது வெடித்துவிடும்.

குறை என்றால், மேல் டூயர்களைச் சுற்றியுள்ள உட்பூச்சு முன்பைவிட விரைவாக அரிக்கிறது. ஒவ்வொரு முறை உருக்கி முடித்த பிறகும் அங்கே கூடுதலாக மண் அப்ப வேண்டியிருக்கிறது.