யார்டுக்குள் வண்டியை நகர்த்தும்போது எந்தப் பொத்தான்: யார்ட் மூவா, பி.சி.யா, டிரைவிங்கா?

அமெரிக்காவில் கனரக ட்ரக் ஓட்டுபவருக்கு ஒரே சமயத்தில் மூன்று கணக்குகள் ஓடுகின்றன. 10 மணி நேர ஓய்வு முடிந்து வந்தால் 11 மணி நேரம் ஓட்டலாம். வேலை தொடங்கி 14 மணி நேரம் ஆகிவிட்டால் அப்புறம் ஓட்டக் கூடாது. 8 நாளில் 70 மணி நேர வேலை (சில கம்பெனிகளுக்கு 7 நாளில் 60) தாண்டினாலும் ஓட்டக் கூடாது. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கை எஞ்சினோடு இணைத்த இ.எல்.டி. (மின்னணுப் பதிவுக் கருவி) பெட்டிதான் பார்த்துக்கொள்கிறது. வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டால் போதும், தானாகவே ‘டிரைவிங்’ விழுந்துவிடும். நெடுஞ்சாலையில் போகிறீர்களா, டிரெய்லரை ஒரு டாக்கிலிருந்து (சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) பக்கத்து டாக்குக்கு மாற்றுகிறீர்களா என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஓட்டுநரிடம் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று யார்ட் மூவ், அதாவது வளாகத்துக்குள் வண்டியை நகர்த்துவது. இன்னொன்று பெர்சனல் கன்வேயன்ஸ், அதாவது சொந்த வேலைக்கு ஓட்டுவது, எல்லாரும் சொல்லும் பி.சி.

டிரைவிங் என்று பதிவானால் மூன்று கணக்கும் கரையும். யார்ட் மூவ் போட்டால் அந்த நேரம் ‘ஆன் டியூட்டி, ஓட்டவில்லை’ என்று பதிவாகும். 11 மட்டும் தப்பும், 14-உம் 70-உம் கரையும். பி.சி. போட்டால் ஆஃப் டியூட்டி, எனவே 11-உம் 70-உம் தப்பும். ஆனால் 14 அப்போதும் நிற்காது. இது தெரியாமல் “பி.சி. போட்டேன், ஆனாலும் கடிகாரம் ஓடுகிறதே” என்று டிஸ்பாட்சரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு.

அப்படியானால் யார்ட் மூவால் பெரிய லாபம் இல்லையே என்று தோன்றும். கால் மணி, அரை மணி மிச்சப்படுத்துவதற்கு என்றால் உண்மைதான். அதன் அருமை 14 மணி முடிந்தபிறகுதான் தெரியும். விதி தடுப்பது ஓட்டுவதை மட்டுமே, வேலை செய்வதை அல்ல. சரக்கு இறக்குகிற இடத்தில் ஆறு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, 14 மணி தீர்ந்த நேரம் பார்த்து “டாக்கைக் காலி பண்ணுங்கள், அடுத்த வண்டி நிற்கிறது” என்பார்கள். வளாகத்துக்குள்ளேயே ஓரமாக நிறுத்த இடம் தந்தால், யார்ட் மூவ் போட்டு நகர்த்தலாம், மீறல் ஆகாது. இடம் தராமல் கேட்டுக்கு வெளியே அனுப்பினால் யார்ட் மூவ் அந்தக் கேட்டோடு முடிந்தது. அங்கே உதவுவது பி.சி. ஏற்றி இறக்கியபின் பக்கத்தில் பாதுகாப்பாக ஓய்வெடுக்கக்கூடிய ஓர் இடம் வரை பி.சி.யில் போகலாம் என்று மத்திய போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2018-இல் விளக்கம் கொடுத்தது. வண்டியில் சரக்கு இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொன்னது.

‘யார்ட்’ எது என்பதில்தான் வாய்த்தகராறு அதிகம். இ.எல்.டி. விதியிலேயே அதற்கு வரையறை கிடையாது. 2021 ஜனவரியில் அதே நிர்வாகம் ஒரு விளக்கத்தை முன்மொழிந்தது. கம்பெனியின் சொந்த இடம், சரக்கு அனுப்புபவரின் தனியார் பார்க்கிங், துறைமுகம், ரயில் கண்டெய்னர் யார்ட் எல்லாம் யார்டாகலாம். பொதுச் சாலைகூட ஆகலாம், ஆனால் வண்டி கடக்கும் நேரத்தில் கேட் போட்டோ, கொடி காட்டி ஆள் நிறுத்தியோ பொதுமக்களைத் தடுத்திருக்க வேண்டும். பொது ஓய்விடம் ஆகாது. லாங் பீச் துறைமுகத்தில் ஒரு டெர்மினலுக்குள் கண்டெய்னருக்காக வரிசையில் ஊர்ந்தால் யார்ட் மூவ். அங்கிருந்து தெருவில் இறங்கி அடுத்த டெர்மினலுக்குப் போனால், அது எவ்வளவு பக்கமாக இருந்தாலும் டிரைவிங்தான். ட்ரக் ஸ்டாப்பையும் யார்டாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கார் ஓட்டி வரக்கூடிய இடத்தில் அந்த வாதம் செல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யார்ட் மூவுக்கு இடம் முக்கியம், பி.சி.க்கு நோக்கம் முக்கியம். சாப்பிடப் போனால் பி.சி. அடுத்த லோடுக்குக் கொஞ்சம் கிட்டே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் அது கம்பெனி வேலை, பி.சி. ஆகாது. பி.சி.யில் இருக்கும்போது பெட்டி இருப்பிடத்தைச் சுமார் 10 மைல் வட்டத்துக்கு மங்கலாக்கித்தான் பதிகிறது. யார்ட் மூவில் அந்த மறைப்பு இல்லை. 

இரண்டு பொத்தானுமே கை கொடுக்காத சூழல் ஒன்று உண்டு. ஸ்லீப்பரில் (வண்டியிலேயே உள்ள படுக்கை) படுத்து ஐந்து மணி நேரம் ஆனபிறகு கதவைத் தட்டி, “டாக் 12-க்குக் கொண்டு வாங்க” என்கிறார்கள். யார்ட் மூவ் போட்டால் ஆன் டியூட்டி ஆகி, தொடர்ச்சியான 10 மணி ஓய்வு உடைந்துவிடும். அதனால் நிறையப் பேரின் விரல் பி.சி.க்குப் போகிறது. சரக்கு ஏற்ற வண்டியை டாக்கில் வைப்பது எந்த வகையில் சொந்த வேலை? சரியான பொத்தான் யார்ட் மூவ்தான், வலித்தாலும். ஸ்லீப்பரில் ஏழு மணி நேரம் ஏற்கெனவே முடிந்திருந்தால் பிழைத்தீர்கள். 2020 செப்டம்பரில் வந்த மாற்றப்படி அந்த ஏழோடு பின்னால் ஒரு மூன்று மணி ஓய்வைச் சேர்த்துப் பத்தாக்கலாம். இரண்டு துண்டும் 14-இல் சேராது. ஐந்தில் எழுப்பிவிட்டால் அந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக இருக்காது. டாக்கில் போட்டுவிட்டே படுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மறதிக்கும் விலை உண்டு. பொத்தானை அழுத்தாமல் நகர்த்தி டிரைவிங் விழுந்துவிட்டால், தானாகப் பதிவான அந்த நேரத்தைப் பிறகு யாராலும் குறைக்க முடியாது. ‘யார்டுக்குள் டிரெய்லர் மாற்றினேன்’ என்று குறிப்பு எழுதலாம், அவ்வளவுதான். எஞ்சினை அணைத்துப் போட்டாலே யார்ட் மூவ் கலைந்துவிடும் என்பதால் இந்த விபத்து அடிக்கடி நடக்கும். தலைகீழாக, யார்ட் மூவை எடுக்காமலே கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறினால் அது பொய்ப் பதிவு. மிச்சம் பிடித்தது பத்து நிமிடம், சோதனையில் சிக்கினால் வண்டியை அங்கேயே ஓரங்கட்ட வேண்டி வரலாம். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

திரையில் இந்தப் பொத்தான்களே இல்லையென்றால் பெட்டி பழுது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அவற்றைத் திறந்துவிடுவது கம்பெனியின் விருப்பம். டொராண்டோவிலிருந்து எல்லை தாண்டி ஓட்டும் நம்மவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கனடாவின் விதிப்படி வேகம் மணிக்கு 32 கி.மீ.யைத் தாண்டினால் யார்ட் மூவ் தானாகவே விலகும். பி.சி.க்கும் நாளுக்கு 75 கி.மீ. எல்லை, அதுவும் சரக்கு இல்லாத வண்டிக்கு மட்டும்.