நத்தார் களைப்புக்கு அப்புத்தளை அடிஷாம்

இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையில் துறவிகள் மடமாக இருக்கிற அடிஷாம் பங்களாவுக்குப் போய் வருகிறவர்கள் கட்டடத்தையும் அங்கே விற்கிற ஜாமையும் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டும் நல்லாத்தான் இருக்கும், அதை அப்புறம் சொல்கிறேன். டிசம்பர் முழுக்க ஓடி ஓடி, நடுச்சாமப் பூசையில்கூட அடுப்பில் வைத்துவிட்டு வந்ததை நினைத்துக்கொண்டே நிற்கிற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் நத்தார் என்றால் தெரியும்தானே. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பாலன் குடிலுக்குப் பாசி பிடுங்க வேண்டும், கரோல் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, கேக்குக்குக் கஜு வெட்டி வைக்க வேண்டும், அதற்குள் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் பையோடு வந்து இறங்கிவிடுவார்கள், அவர்கள் வருவதுதான் சந்தோஷம், ஆனால் அத்தனை பேருக்கும் சமைப்பது ஒரு ஆள். நற்செய்தியில், இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையிலேயே அலைந்துகொண்டிருந்த மார்த்தாவை எனக்கு நன்றாகவே விளங்கும். இந்த முறை 25ஆம் திகதி இரவு படுக்கும்போது செபமாலையைக் கையில் எடுத்தேன், ஒரு அருள் நிறைந்த மரியேகூட முழுதாக வரவில்லை.

அந்த வாரமே அடிஷாம் போனோம். திருச்சபைக் கணக்கில் நத்தார் காலம் 25ஆம் திகதி தொடங்கி, ஜனவரியில் ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவரைக்கும் போகிறது. நாமோ 26ஆம் திகதியே எல்லாம் முடிந்தது என்று பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுகிறோம். ஆகவே தாராளமாக நத்தாருக்குப் பிறகு போங்கள். முன்னால் போனால் மனசு கடைத்தெருவில்தான் இருக்கும்.

1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டிய வீடு, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார். 1960களிலிருந்து புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். செபமும் கைவேலையும் சேர்ந்ததுதான் அவர்களுடைய நாள். இங்கே தியான வகுப்பு, பிரசங்கம் என்று யாரும் நம்மை உட்கார வைப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, சுவர் ஓரமாகத் தனியாக நின்றேன். பனி வந்து மூடியது. கருங்கல் சுவரில் ஈரம் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது, பக்கத்து ரோசாச் செடியில் ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு சொட்டு. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கேட்க வேண்டிய காரியங்கள் எவ்வளவோ இருந்தும் ஒன்றையும் கேட்காமல், ஆண்டவரே நான் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்தது. அதற்குப் பிறகு செபம் தடையில்லாமல் வந்தது, வீட்டில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிச் சொல்லி. பல மாதமாக நான் அப்படிச் செபித்ததில்லை. கடவுள் எங்கேயும் இருக்கிறார், சரி, ஆனால் யாரும் நம்மைக் கூப்பிடாத ஒரு இடமும் வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்கு: அப்புத்தளை டவுனிலிருந்து சில கிலோமீற்றர்தான், ஆட்டோ பிடிக்கலாம், நடக்கவும் முடியும், வழியெல்லாம் தேயிலை. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பாடசாலை விடுமுறை நாட்களில் பொதுமக்களை விடுகிறார்கள், ஆனாலும் விசாரித்துவிட்டே கிளம்புங்கள். நுழைவுச்சீட்டு உண்டு. துறவிகள் வாழும் பகுதிக்குள் போக முடியாது, அது நியாயமானதுதான். விடுமுறைக் காலத்தில் பகலானால் கூட்டம் சேர்ந்துவிடும், அமைதி தேடுகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

துறவிகள் தயாரித்து விற்கும் ஸ்ட்ரோபெரி ஜாமில் பழம் பழமாகவே கிடைக்கிறது. கொய்யா ஜெலி அதைவிட எனக்குப் பிடித்தது, ரொட்டிக்கு அருமை. உங்கள் வீட்டில் நத்தாருக்குச் சமைத்த அம்மாவோ அக்காவோ யாரோ, அவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், அன்றைக்குச் சாப்பாடு கடையில் பார்த்துக்கொள்ளலாம்.